லண்டன் பூங்காக்களில் பெண்களின் சிலைகள்: முகம் இருட்டாகவே விழுகிறது, எப்படி எடுப்பது?

தேன்மொழி_ஹாரோ:

எல்லோருக்கும் வணக்கம். ஹாரோ பக்கம் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மார்ச் 8 மகளிர் தினத்துக்கு மண்டபச் சுவரில் ஒரு படவரிசை வைப்பதாக இருக்கிறோம். லண்டனில் பூங்காவிலும் சதுக்கத்திலும் சிலையாக நிற்கும் பெண்கள், ஒவ்வொருவர் படத்துக்குக் கீழேயும் பிள்ளைகளே தமிழில் எழுதிய நாலு வரி. இணையத்தில் கிடைக்கும் படத்தை இறக்கி ஒட்டிவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், அந்தப் பெண் யார் என்று அங்கேயே நின்று பேசி, எடுத்த படமாக இருக்க வேண்டும்.

முதலில் போனது கார்டன் ஸ்குவேர். நூர் இனாயத் கானின் மார்பளவுச் சிலை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் ரகசியப் படைக்காக ஜெர்மானியர் கையில் இருந்த பாரிஸில் வானொலிக் கருவி இயக்கியவர், 1944 செப்டம்பரில் நாஜிகளின் டாகாவ் வதைமுகாமில் கொல்லப்பட்டவர். திப்பு சுல்தானின் வழியில் வந்தவர் என்று சொன்னதும் பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். கதை நன்றாகப் போனது, படம்தான் சொதப்பல். முகம் கரிக்கட்டையாக இருக்கிறது, பின்னால் வானம் வெள்ளையடித்த சுவராக இருக்கிறது. கண் இருக்கும் இடத்தில் இரண்டு கருந்திட்டு.

என்னிடம் இருப்பது கேனன் 250டி, கூட வந்த 18-55 லென்ஸ், பிறகு வாங்கிய, தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கும் 55-250 லென்ஸ். போனும் உண்டு. என் சந்தேகங்கள்: முகத்தைத் தெளிவாகக் கொண்டுவருவது எப்படி? உயரமான பீடத்தில் நிற்கும் சிலைகளை எடுத்தால் தாடையும் மூக்குத் துவாரமும்தான் தெரிகிறது, அதற்கு வழி உண்டா? இந்தப் படங்களை வைத்து ஒரு நாட்காட்டி போட்டுப் பள்ளி நிதிக்காக விற்கலாமா, சட்டச் சிக்கல் வருமா? சிவகாசியில் தெரிந்த அச்சகம் இருப்பதால் அங்கே அடிக்கலாம் என்றும் ஒரு பேச்சு. கடைசியாக, வேறு யார் யாரைச் சேர்க்கலாம்?

வல்லிபுரத்தாள்:

தங்கச்சி தேன்மொழி, வாசிக்க நல்ல சந்தோஷமாக் கிடக்கு. ஆஸ்பத்திரியில எனக்கு இரவு வேலை. முடிஞ்சு வெளிக்கிட்டு விடியப்புறம் கமராவோட நடக்கிறது கனகால வழக்கம். உந்தச் சிலையள் எல்லாம் எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் மாதிரி. கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல் வெளிச்சக் கணக்கு. கமராவுக்கு முகம் எது, வானம் எது எண்டு தெரியாது. பாக்கிறது முழுக்கச் சேர்த்து ஒரு நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரத்தான் அது பாக்கும். பின்னால வெளிச்ச வானம் வந்தா அந்த வெளிச்சத்தை அடக்கப்போய் முகத்தைக் கரியாக்கிப் போடும். அதாலை வானத்தைப் படத்துக்குள்ள விடாதேங்கோ. 18-55 ஐப் பையுக்குள்ள வைச்சிட்டு 55-250 ஐப் போட்டுப் பின்னுக்குப் போங்கோ. பின்னுக்குப் போய்ப் பெரிசாக்கி எடுத்தா, சிலைக்குப் பின்னால வானம் போய் வேலியோ மரமோ கட்டடமோ வந்து நிக்கும். தாடையும் மூக்கும் மட்டும் தெரியிற பிரச்சினையும் அதோட பாதி தீரும். கிட்ட நிண்டு அண்ணாந்து எடுக்கிறதாலதான் அது வாறது.

வெளிச்ச அளவீட்டை ஸ்பொட்டுக்கு (நடுவில ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கிறது) மாத்தி, நடுப்புள்ளியைக் கன்னத்தில வைச்சு அளவுங்கோ. ஒரு விஷயம் கவனம்: ஸ்பொட்டில அளந்தா கமரா அந்த வெண்கலக் கன்னத்தையும் சாம்பலாக்கப் பாக்கும். வெண்கலம் அவ்வளவு வெளிறினதில்லை. எக்ஸ்போஷரை 0.7 அளவு குறைச்சு விட்டா உண்மையான நிறம் வரும். ஜேபெக்கில எடுக்காமல் RAW கோப்பா எடுங்கோ, நிழலுக்குள்ள இருக்கிற விவரத்தைப் பிறகு கொம்பியூட்டரில மேல தூக்கலாம்.

இனிக் கண். உங்களுக்குக் கருந்திட்டாத் தெரிஞ்சது அதுதானே. கிட்டப் போய் வடிவாப் பாத்தீங்கள் எண்டா விளங்கும். வெண்கலத்தில கருமணிக்கு வேற நிறம் இல்லை. சிற்பி கருமணி வரவேண்டிய இடத்தைக் குழியாத் தோண்டி விடுவார், அந்தக் குழிக்குள்ள விழுற நிழலைத்தான் நாங்கள் கருமணி எண்டு காணுறம். சில சிற்பிகள் குழியின்ர மேல் விளிம்பில ஒரு சின்னத் துண்டைத் தோண்டாமல் விட்டுவைப்பினம். வெளிச்சம் பட்டா அது மின்னும், அந்த மினுக்கத்திலதான் பார்வை இருக்கு. வெய்யில் உச்சியில நிண்டா புருவத்தின்ர நிழல் குழியை மூடிப்போடும். பிறகு கண்ணும் இல்லை, பார்வையும் இல்லை.

லண்டனில ஜூன் நடுப்பகலில சூரியன் 62 பாகை உயரத்தில நிக்கும். டிசம்பர் கடைசியில 15 பாகைதான். பெப்ரவரி நடுவில 26 பாகை மட்டில. இந்தப் பதிஞ்ச வெய்யில் புருவத்துக்குக் கீழால நேர கண்ணுக்குள்ள போகும். கோடையில ஊர்ப்பட்ட சனம் பூங்காவுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு போகுது, முகம் தெரியிற படம் ஒண்டும் தேறாது. சதுக்கங்களில நிக்கிற பெரிய பிளேன் மரங்களும் குளிர்காலத்தில இலை கொட்டி மொட்டையா நிக்கிறதால வெளிச்சம் கீழ வரையும் இறங்கும். உங்களுக்கு மார்ச் 8 க்கு முதல் படம் வேணும் எண்டது நல்லதாப் போச்சு. பெப்ரவரியில எடுங்கோ. மெல்லிய மப்பு நாள் எண்டா இன்னும் நல்லம், முகம் முழுக்க ஒரே சீரா வரும்.

அதுக்கு மேலயும் கண் இருண்டு கிடந்தா, ஒரு பெரிய வெள்ளை அட்டையைக் கீழ இருந்து முகத்தை நோக்கிப் பிடிக்கச் சொல்லுங்கோ. பிள்ளையளே பிடிப்பினம், அவைக்கும் ஒரு வேலை. மார்பளவுச் சிலையளுக்கு இது நல்லா வாய்க்கும். உயரமான பீடத்துக்கு ஒற்றைக்கால் தாங்கியில கமராவைப் பூட்டி, தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு, போனில படத்தைப் பாத்துப் பாத்து அமத்தலாம். 250டி போனோட வைஃபையில இணையும்.

மழை நிண்ட கையோட போகாதேங்கோ. ஈரமான வெண்கலம் கண்டபாட்டுக்கு மினுங்கும். லென்ஸுக்கு முன்னால போலரைசர் எண்ட வடிகட்டிக் கண்ணாடி போட்டாச் சரி எண்டு கனபேர் சொல்லுவினம். மேல நிக்கிற தண்ணிப்படலத்தின்ர, மெழுகுப்பூச்சின்ர மினுக்கத்தை அது ஓரளவு குறைக்கும். வெறும் உலோகத்தின்ர மினுக்கத்துக்கு அது உதவாது.

யாரைச் சேர்க்கலாம் எண்டு கேட்டிருந்தீங்கள். கார்டன் ஸ்குவேரில இருந்து கூப்பிடு தூரத்தில டாவிஸ்டொக் ஸ்குவேர். நடுவில காந்தி இருக்கிறார், 1968 இல வைச்சது. எல்லாரும் அவரைத் தேடி நேர நடுவுக்குப் போறதில, ஓரத்தில நிக்கிற ரெண்டு பெண்களைக் கண்டுகொள்ளுறதில்லை. ஒராள் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப். 1924 இல இருந்து 1939 வரைக்கும் அந்தச் சதுக்கத்திலதான் குடியிருந்தவ. ஸ்டீபன் டொம்லின் 1931 இல செய்த தலையின்ர வார்ப்பை 2004 இல அங்க வைச்சவை. மெலிஞ்ச நீள முகம், பக்கவாட்டில வெளிச்சம் விழுந்தா கன்னக்குழி வடிவா எழும்பும். நேர முன்னுக்கு நிண்டு எடுக்காதேங்கோ.

மற்றது டொக்டர் லூயிசா ஆல்ட்ரிச்-பிளேக். 1895 இல இங்க அறுவைச் சிகிச்சையில மேற்பட்டம் எடுத்த முதல் பெண். பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியின்ர தலைவியா இருந்தவ. 1926 இல வைச்ச நினைவுச்சின்னம். முதுகோட முதுகா ரெண்டு மார்பளவுச் சிலை, ரெண்டும் அவதான்! ஒண்டு பூங்காவுக்குள்ள பாக்குது, மற்றது றோட்டைப் பாக்குது. எங்களுக்கு இது பெரிய வசதி. ஒரு முகம் நிழலில கிடந்தா மற்ற முகத்தை எடுக்கலாம்.

பாராளுமன்றச் சதுக்கத்தில, பெண்களின்ர வாக்குரிமைக்குப் போராடின மில்லிசென்ட் ஃபாசெட். இவவுக்கு நேரம் எடுங்கோ. அந்தச் சதுக்கத்தில 11 ஆண்களின்ர சிலை நிண்டது, காந்தி, மண்டேலா, சேர்ச்சில் எல்லாரும். ஒரு பெண் வர 2018 ஏப்ரல் 24 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. சிற்பி கிலியன் வேரிங், அவவும் பெண். கையில ரெண்டு பக்கமும் பிடிச்ச பதாகை, துணிவு துணிவை எல்லா இடத்திலயும் கூப்பிடும் எண்ட கருத்தில ஒரு வரி. கனபேர் அந்தப் பதாகையோட நிண்டு தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்டு போயிடுவினம். நீங்கள் அவவின்ர கோட்டைப் பாருங்கோ. ட்வீட் துணியின்ர நெசவு இழை இழையா வெண்கலத்தில நிக்குது. பதிஞ்ச வெய்யில் பக்கத்தால உரசிப் போகேக்கதான் அது தெரியும். சிலை பாராளுமன்றத்தைப் பாத்து, கிழக்குப் பக்கமா நிக்குது, அதாலை விடியக் காலமை போங்கோ. சனமும் இராது.

பீடத்தையும் விடாதேங்கோ. வாக்குரிமைக்குப் போராடின 59 பேரின்ர பேரும் முகமும் சுத்திவரப் பதிச்சிருக்கு, 55 பெண்கள், 4 ஆண்கள். அதில சோஃபியா துலீப் சிங் இருக்கிறா, பஞ்சாப் மகாராஜா துலீப் சிங்கின்ர மகள். வாக்கு இல்லையெண்டா வரியும் இல்லை எண்டு கட்ட மறுத்தவ. உங்கட பிள்ளையளை அந்தப் பேரைத் தேடிக் கண்டுபிடிக்க விடுங்கோ.

அங்கயிருந்து கொஞ்சம் நடந்தா விக்டோரியா டவர் கார்டன்ஸ், அங்க வாக்குரிமைப் போராட்டத் தலைவி எமிலின் பாங்க்ஹர்ஸ்ட். 1930 மார்ச் 6 இல திறந்தது. திறந்தவர் முன்னாள் பிரதமர் போல்ட்வின். அண்டைக்கு வாசிச்சது லண்டன் பொலிசின்ர வாத்தியக்குழு, அதை நடத்தினது எதெல் ஸ்மைத், பாங்க்ஹர்ஸ்ட்டோட சேர்ந்து போராடிச் சிறைக்குப் போன இசையமைப்பாளர். இந்தப் பெண்களைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போன அதே பொலிசின்ர குழு. இதைப் பிள்ளையளுக்குக் கட்டாயம் சொல்லுங்கோ. நீட்டின கை ஒரு பக்கம், பின்னால பாராளுமன்றக் கோபுரம், ரெண்டும் ஒரு படத்துக்குள்ள வாற இடம் இருக்கு. சுத்தி நடந்து பாத்தாத் தெரியும்.

ட்ரஃபல்கர் சதுக்கத்துக்குப் பக்கத்தில ஈடித் கேவெல், என்னை மாதிரி ஒரு நேர்ஸ். பெல்ஜியத்தில இருந்து போர்வீரர்களைத் தப்பவைச்சதுக்காக 1915 ஒக்டோபர் 12 விடியக்காலமை ஜெர்மன்காரர் சுட்டவை. சிலை 1920 இல வந்தது. நாட்டுப்பற்று மட்டும் காணாது, எவர்மீதும் வெறுப்போ கசப்போ இருக்கக் கூடாது எண்ட அவவின்ர சொல்லை 1924 இலதான் அதில சேர்த்தவை. இது வெள்ளைப் பளிங்கு, வெண்கலத்துக்குச் சொன்ன கணக்கு இங்க தலைகீழ். வெய்யில் பட்டா முகம் வெளிறி ஒண்டுமில்லாமல் போகும். கமராத் திரையில வெளிச்சப் பரவலைக் காட்டுற ஹிஸ்டோகிராம் வரைபடம் வலப்பக்கம் முட்டாமல் பாத்துக் குறையுங்கோ.

என்ர ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சிலையிலயும் பேர் வெட்டின கல்லைத் தனியா ஒரு படம் எடுங்கோ. லண்டனில பெண் உருவத்துக்குக் குறைவில்லை. ஓல்ட் பெய்லி நீதிமன்றத்துக்கு மேல நீதி எண்டு ஒரு பெண், பக்கிங்ஹாம் அரண்மனைக்கு முன்னால வெற்றி எண்டு ஒரு பெண், வெலிங்டன் வளைவுக்கு மேல சமாதானம் எண்டு ஒரு பெண். இவை எவரும் பிறந்து வளர்ந்து வேலை செய்த பெண்கள் இல்லை. பேரோட, பிறந்த வருஷத்தோட நிக்கிற பெண்கள் குறைவு. அந்தப் பேரை விட்டுட்டு முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாறது எனக்குச் சரியாப் படேல்லை.

சட்டப்படி:

வல்லிபுரத்தாள் அக்கா சொன்னதற்குமேல் படக்கலையில் நான் சொல்ல எதுவும் இல்லை. சட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

பிரிட்டனின் 1988 பதிப்புரிமைச் சட்டத்தில் 62ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. பொது இடத்திலோ பொதுமக்கள் வந்துபோகும் வளாகத்திலோ நிரந்தரமாக வைத்த சிற்பத்தைப் படமெடுத்தால், சிற்பி உயிரோடு இருந்தாலும் பதிப்புரிமை மீறல் ஆகாது. அந்தப் படத்தை அச்சடித்து விற்கலாம். நாட்காட்டிக்கும் இது பொருந்தும். சிவகாசியில் அடித்தாலும் கவலை வேண்டாம், இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவும் பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தின் படத்தை எடுக்கவும் வெளியிடவும் இடம் தருகிறது. எல்லா நாட்டிலும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பூங்காவில் நிற்கும் சிலைக்கும் சிற்பியின் உரிமை உண்டு, அங்கே கட்டடங்களுக்குத்தான் விலக்கு. பிரான்சிலும் வணிக நோக்கத்துக்கு இடமில்லை. பிறகு யாராவது நியூயார்க் படம் ஒன்று அனுப்பி நாட்காட்டியில் சேர்க்கச் சொன்னால் யோசியுங்கள்.

சுவரோவியம், தகவல் பலகையில் உள்ள ஓவியம் போன்றவை 62க்குள் வராது. சிலைக்குப் பக்கத்தில் விளக்கப்பலகை இருந்தால் அதை மட்டும் பெரிதாக்கி நாட்காட்டியில் போட வேண்டாம். உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள்.

பதிப்புரிமை ஒன்று, இடத்தின் விதி வேறொன்று. பாராளுமன்றச் சதுக்கத்திலும் ட்ரஃபல்கர் சதுக்கத்திலும் தொழில் நிமித்தமாகப் படமெடுக்க முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று துணைவிதி உண்டு. விக்டோரியா டவர் கார்டன்ஸ் அரச பூங்காக்கள் அமைப்பின் நிர்வாகத்தில் இருக்கிறது, வணிகப் படப்பிடிப்புக்கு அங்கும் அனுமதி வாங்க வேண்டும். சுவரில் ஒட்டுவதற்கு இது எதுவும் தேவைப்படாது. விற்பனை என்று வரும்போது பள்ளியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் முகம் படத்தில் விழுந்தால் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கும்பகோணத்தான்:

போனில் எடுக்கிற பெற்றோருக்காக ஒரு வரி. திரையில் சிலையின் முகத்தைத் தொட்டு விரலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். குவியமும் வெளிச்ச அளவும் அந்த முகத்தில் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் முகம் வெளுக்கும். அகலக் கோண லென்ஸில் எடுக்காதீர்கள், இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ பெரிதாக்கும் லென்ஸ் போனிலேயே இருந்தால் அதில் எடுங்கள். சிலையின் தலைக்குப் பின்னால் கிளையோ கம்பமோ முளைத்த மாதிரி வருகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்தால் பாதி வேலை முடிந்தது. என் மனைவி எடுக்கும் படங்கள் என்னுடையதைவிட நன்றாக வருவதற்கு அவள் பின்னணியை முதலில் பார்ப்பதுதான் காரணம்.

தேன்மொழி_ஹாரோ:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வல்லிபுரத்தாள் அக்கா, உங்கள் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டே போனோம்.

கார்டன் ஸ்குவேருக்குத் திரும்பப் போனது மெல்லிய மேகம் போட்ட காலை நேரம். 55-250 போட்டுப் பின்னால் நகர்ந்ததும் வானம் போய்விட்டது, தூரத்து மரங்களின் சாம்பல் நிறம் வந்தது. பிள்ளைகள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாக வெள்ளை சார்ட் அட்டையைப் பிடித்தார்கள். வ்யூஃபைண்டருக்குள் நூரின் கண் குழிக்குள் வெளிச்சம் போவது எனக்கே தெரிந்தது. சற்றே ஒருபுறம் பார்க்கும் முகம் என்பதை அப்போதுதான் கவனித்தேன், முந்தைய படங்களில் அதுகூடத் தெரியவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கேமராத் திரையைப் பார்த்துவிட்டுச் சிலையைப் பார்த்தார்கள். ஒரு பையன், "டீச்சர், இவங்க எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாதிரி இருக்காங்க" என்றான். பீடத்தில் பெயர் வெட்டிய கல்லையும் தனியாக எடுத்தோம்.

டாவிஸ்டொக் ஸ்குவேரில் டாக்டர் லூயிசாவுக்கு இரண்டு முகம் என்று சொன்னதும் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். எந்த முகம் சிரிக்கிறது என்று அவர்களுக்குள் பெரிய வாதம். இரண்டையும் எடுத்து ஒரே சட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்போகிறேன். அம்மா ஒருவர் மருத்துவர், அவர் அங்கேயே நின்று தன் படிப்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசினார். நான் திட்டமிட்டதே இல்லை, அன்றைக்கு நடந்த எல்லாவற்றிலும் அதுதான் எனக்குப் பிடித்தது.

இன்னொரு சந்தேகம். நியூவிங்டன் கிரீனில் இருக்கும் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் சிலை. பெண் கல்விக்காக எழுதியவர் என்பதால் பள்ளிக்கூடத்தில் அவரை விட முடியாது. ஆனால் அந்தச் சிலையில் இருப்பது ஆடையில்லாத ஒரு பெண் உருவம். பத்து வயதுப் பிள்ளைகளின் சுவரில் அதை எப்படி வைப்பது? பெற்றோர் இரண்டு பக்கமாகப் பேசுகிறார்கள். அக்கா, நீங்கள் என்ன செய்வீர்கள்?

வல்லிபுரத்தாள்:

தங்கச்சி, படத்தைப் பாக்கேல்லை, வாசிக்கவே மனம் நிறைஞ்சு போச்சு.

மேரியின்ர சிலையைப் பற்றி என்ர எண்ணத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்லுறன். 2020 நவம்பரில மாகி ஹாம்ப்லிங் செய்து வைச்சது. வெள்ளிப் பூச்சடிச்ச வெண்கலம், ஒரு பெரிய திரள் மேல எழும்பி அதின்ர உச்சியில சின்ன உருவமா ஒரு பெண். இது மேரியின்ர உருவம் இல்லை, மேரிக்காகச் செய்தது எண்டு சிற்பியே சொன்னவ. அப்ப உங்களுக்கு மேரியைக் காட்ட அந்தச் சின்ன உருவத்தைக் கிட்டவாப் பிடிக்கவேண்டிய தேவையே இல்லை. நிர்வாணம் எண்டதுக்காக நான் சொல்லேல்லை. அதில மேரியின்ர முகம் இல்லை எண்டதுக்காகச் சொல்லுறன். இவ்வளவு காலம் காத்திருந்து, ஊர்க்காசு சேர்த்து வைச்ச நினைவுச்சின்னத்தில அந்த மனிசியின்ர முகம் இல்லாதது எனக்கு இண்டைக்கும் கவலைதான்.

நான் எண்டா பீடத்தை எடுப்பன். பெண்கள் ஆண்கள் மேல அதிகாரம் செலுத்தவேணும் எண்டு நான் கேக்கேல்லை, தங்களுக்குமேல தாங்கள் அதிகாரம் உள்ளவையா இருக்கவேணும் எண்டுதான் கேக்கிறன் எண்ட அவவின்ர வரி அதில இருக்கு. 1792 இல எழுதினது. எழுத்தை எடுக்கேக்க வெளிச்சம் பக்கத்தால வரவேணும், நேர வந்தா வெட்டு எழுத்து தட்டையாப் போகும். வெய்யில் வாய்க்காட்டி ஒரு டோர்ச்சைக் கல்லோட ஒட்டினமாதிரிப் பக்கத்தால அடியுங்கோ. பிறகு அதே புல்வெளிக்குப் பக்கத்தில இருக்கிற பழைய தேவாலயத்தை ஒரு படம். 1708 இல கட்டினது, மேரி அங்க போய்வந்தவ. 1784 இல பெண்பிள்ளையளுக்கு ஒரு பள்ளிக்கூடமும் அந்த நியூவிங்டன் கிரீனிலதான் துவங்கினவ. ரெண்டு படத்தையும் சேர்த்து வையுங்கோ. பள்ளிக்கூடம் நடத்தின மனிசியைப் பள்ளிக்கூடச் சுவரில வைக்கிறீங்கள், பெற்றோர் ஆருக்கும் அதில மறுப்பு இராது.

போன முறை ஒராளைப் பற்றி எழுதாமல் வைச்சிருந்தன், ஏனெண்டா அவவைத் தனியாச் சொல்லவேணும். மேரி சீகோல். செயின்ட் தொமஸ் ஆஸ்பத்திரித் தோட்டத்தில, தேம்ஸ் ஆத்தங்கரையில 2016 இல இருந்து நிக்கிறா. ஜமேக்காவில பிறந்தவ, கிரிமியப் போரில காயம்பட்டவையைப் பாத்தவ. பிரிட்டனில பேரோட நிக்கிற முதலாவது கறுப்பினப் பெண்ணின்ர சிலை. சிற்பி மார்ட்டின் ஜென்னிங்ஸ் அவவை நிண்ட நிலையில வைக்கேல்லை, பையைத் தோளில போட்டுக்கொண்டு காத்தை எதிர்த்து நடக்கிறமாதிரி வைச்சிருக்கிறார். பின்னால ஆளைவிட உயரமா ஒரு வெண்கல வட்டம். அது கிரிமியாவில அவ தங்கி வேலை செய்த இடத்தின்ர நிலத்தில அச்செடுத்து வார்த்தது, மண்ணும் கல்லும் அப்படியே அதில தெரியும்.

அவ ஆத்துக்கு அங்கால பாராளுமன்றத்தைப் பாத்துக்கொண்டு நடக்கிறா, அதாவது மேற்குப் பக்கம். அதாலை பின்னேரம் போங்கோ. பதிஞ்ச வெய்யில் முகத்தில விழும், அவவின்ர நிழல் பின்னால வட்டத்தில பெரிசா விழும். முகத்தை அளந்து எடுங்கோ, வட்டத்தைக் கொஞ்சம் இருட்டாகவே விடுங்கோ. நடக்கிற சிலை எண்டபடியால் அவவுக்கு முன்னால படத்தில இடம் விட்டு எடுங்கோ, முட்ட வெட்டினா நடை நிண்டுபோன மாதிரித் தெரியும். இரவில கீழால வெளிச்சமும் போடுவினம், பிள்ளையளோட போறபடியால் உங்களுக்குப் பின்னேரம் காணும். வேலை விட்டு வாறபோற நேர்ஸ்மார் அவவைக் கடந்து போவினம், ஒரு படத்தில அவையும் தூரத்தில விழட்டும்.

இனி அச்சு. ஏ3 அளவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி எண்டு வைச்சா 4961 தர 3508 பிக்சல் வேணும். உங்கட கமரா 6000 தர 4000 தருது. வெட்டுறதுக்கு இடம் கொஞ்சம்தான், அதாலை எடுக்கேக்கயே சட்டத்தை நிரப்பி எடுங்கோ. மினுங்கிற தாளில அடிக்காதேங்கோ, மண்டபத்து டியூப்லைட் வெளிச்சம் கறுப்புப் பகுதியில விழுந்து முகத்தை மறைச்சுப் போடும். மட் தாள் கேளுங்கோ. வெண்கலம் திரையில தெரியிறதைவிட அச்சில இன்னும் இருளும். ஒரு படத்தை மட்டும் முதலில அடிச்சுப் பாத்து, தேவையெண்டா வெளிச்சத்தைக் கூட்டிப்போட்டு மிச்சத்தைக் குடுங்கோ. பிள்ளையள் எழுதின நாலு வரியை ரைப் அடிக்கவேண்டாம், அவையின்ர கையெழுத்திலயே ஒட்டுங்கோ.

மார்ச் 8 எனக்கு வேலை இல்லாத நாளாக் கேட்டு எடுத்திருக்கிறன். மண்டபத்தின்ர விலாசத்தை இங்க போடவேண்டாம், தனிமடலில அனுப்பிவிடுங்கோ.